நெடுஞ்சாலைக் கோடுகள்: பெங்களூரிலிருந்து ஊருக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

பொங்கல், தீபாவளி, சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு என்று வந்துவிட்டால் பெங்களூர்த் தமிழர்களில் பாதிப் பேர் ஓசூர் ரோட்டில்தான் இருப்பார்கள். மீதிப் பேர் கனகபுரா ரோடு பிடித்து கொள்ளேகால், சத்தியமங்கலம் வழியாகக் கோவைக்குப் போவார்கள். நான் சாலைப் பாதுகாப்பு ஆய்வு வேலையில் இருப்பவன் என்று தெரிந்ததும் அபார்ட்மெண்ட் லிஃப்டிலும் அலுவலக கேண்டீனிலும் ஒரே மாதிரிச் சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

"வெள்ளை, மஞ்சள், விட்டு விட்டுப் போட்டது, முழுசாப் போட்டது. எதைத் தாண்டலாம், எதைத் தாண்டக் கூடாது?"

மீடியன் (நடுத்தடுப்பு) இல்லாத இருவழிச் சாலையின் நடுவில் விட்டு விட்டுப் போட்ட கோடு இருந்தால், எதிரில் வண்டி இல்லாதபோது தாண்டி ஓவர்டேக் செய்யலாம். ஒற்றை முழுக்கோடு இருந்தால் ஓவர்டேக்குக்காகத் தாண்டக் கூடாது. ரிப்பேராகி நிற்கும் லாரியைச் சுற்றிப் போகவோ வலப்பக்க வழிக்குள் திரும்பவோ மட்டும் தாண்டலாம். இரட்டை முழுக்கோடு சுவர் மாதிரி. ஒன்று முழுசாகவும் ஒன்று விட்டு விட்டும் இருந்தால், உங்கள் பக்கம் இருக்கும் கோடு சொல்வதுதான் உங்களுக்கு. மஞ்சள் முழுக்கோட்டை வெள்ளையை விடக் கண்டிப்பானதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விட்டு விட்டுப் போட்ட கோட்டில் வழக்கமாகக் கோடு குட்டையாகவும் இடைவெளி நீளமாகவும் இருக்கும். அது திடீரென்று மாறி, கோடு நீளமாகவும் இடைவெளி குட்டையாகவும் வர ஆரம்பித்தால் அது எச்சரிக்கை. முன்னால் வளைவோ மேடோ முழுக்கோடோ வரப்போகிறது. ஓவர்டேக்கை ஆரம்பிக்க அது நேரம் இல்லை.

"வெறும் பெயிண்ட்தானே சார்? இதுனால விபத்து குறையுமா?"

குறையும். சாலையின் நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு ஏறக்குறைய 2 சதவிகிதம்தான். ஆனால் 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்த 1.68 லட்சம் பேரில் சுமார் 36 சதவிகிதம் பேர் இறந்தது அந்தச் சாலைகளில். ஊர்களுக்கு வெளியே நடக்கும் விபத்துகளில் இரண்டு வகை திரும்பத் திரும்ப வரும். வண்டி தானாகச் சாலையை விட்டு விலகி மரத்திலோ பள்ளத்திலோ விழுவது ஒன்று, எதிரெதிரே மோதிக்கொள்வது இன்னொன்று. இரண்டிலும் வண்டி தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்கிறது. அந்த இடம் எது என்று டிரைவருக்குக் காட்டுவதுதான் கோட்டின் வேலை.

அமெரிக்காவில் ஓரக்கோட்டை 10 செ.மீ. அகலத்திலிருந்து 15 செ.மீ. ஆக்கியதற்கே பலன் பார்த்திருக்கிறார்கள். கிராமப்புற இருவழிச் சாலைகளில், சந்திப்பு அல்லாத இடங்களில் உயிரிழப்பும் காயமும் உண்டாக்கும் விபத்துகள் 37 சதவிகிதம் வரை குறையும் என்று அந்நாட்டு மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் சொல்கிறது. "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். எல்லா இடத்திலும் அவ்வளவு கிடைக்காது. ஆனால் செலவையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால் சாலைப் பாதுகாப்பில் இவ்வளவு மலிவான வேலைகள் ரொம்பக் கம்மி.

"நடுக்கோடு முக்கியமா, ஓரக்கோடு முக்கியமா? காசு கம்மினா எதைப் போடணும்?"

இதைக் கேட்டவர் தர்மபுரிப் பக்கம் ஒரு பஞ்சாயத்துத் தலைவரின் மச்சான். நல்ல கேள்வி. ராத்திரிப் போக்குவரத்துள்ள குறுகலான சாலை என்றால் என் ஓட்டு ஓரக்கோட்டுக்கு.

நடுக்கோடு மட்டும் இருந்தால் இருட்டில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். தெரிவது அது ஒன்றுதானே. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளும் நடுவை ஒட்டியே வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1950-களில் அமெரிக்காவில் ஜான் வான் நோஸ்ட்ராண்ட் டார் என்பவர் இதைக் கவனித்துத்தான் ஓரத்தில் ஒரு வெள்ளைக்கோடு போட்டுப் பாருங்கள் என்று விடாமல் வற்புறுத்தினார். அவர் சாலை இன்ஜினியர் இல்லை, உலோகவியல்காரர். கனெக்டிகட் மாநிலத்தின் மெரிட் பார்க்வே சாலையில் போட்டுப் பார்த்தார்கள். பிறகு நாடு முழுக்கப் பரவியது.

"எதிர்ல ஹைபீம் போட்டுட்டு வர்றான். கண்ணே தெரியல. என்ன பண்றது?"

பதிலுக்கு ஹைபீம் அடிக்காதீர்கள். வேகத்தைக் குறைத்து, பார்வையை இடப்பக்க ஓரக்கோட்டுக்குக் கொண்டுபோய் அதைப் பிடித்துக்கொண்டே ஓட்டுங்கள். எதிர் வெளிச்சம் வலப்பக்கமிருந்து வருவதால் அந்த நேரத்தில் ஒழுங்காகத் தெரிவது அது ஒன்றுதான். மேலே ஓரக்கோட்டுக்கு ஓட்டுப் போட்டதற்கு இதுவும் காரணம்.

"ராத்திரி கோடு எப்படி மின்னுது? உள்ள ரேடியம் ஏதாவது கலக்குறாங்களா?"

ரேடியமும் இல்லை, பாஸ்பரஸும் இல்லை. கண்ணாடி மணிகள். பொடி உப்பு சைஸில் இருக்கும். ஹெட்லைட் வெளிச்சம் மணிக்குள் நுழைந்து, வளைந்து, பின்னாலிருக்கும் பெயிண்டில் பட்டு, வந்த திசைக்கே திரும்புகிறது. அதனால்தான் ஓட்டுகிற உங்களுக்குக் கோடு பளிச்சென்று தெரிகிறது; ஓரத்தில் நிற்பவருக்குத் தெரிவதில்லை.

நெடுஞ்சாலையில் போடுவது சாதாரண பெயிண்ட் இல்லை, தெர்மோபிளாஸ்டிக். தூளாக வரும் பொருளைச் சாலையோரத்திலேயே கொதிகலனில் 180 டிகிரிக்கு மேல் உருக்கி, தள்ளுவண்டி மாதிரியான மெஷினில் ஊற்றி இழுப்பார்கள். ஆறியதும் 2.5 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். அந்தக் கலவையின் எடையில் 30 முதல் 40 சதவிகிதம் மணிகள். அதுபோக, சூடாக இருக்கும்போதே மேலே ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் மணி தூவ வேண்டும். மேலே தூவியது முதல் நாள் ராத்திரியிலிருந்தே மின்னுவதற்கு. உள்ளே கலந்தது, டயர் தேய்த்துத் தேய்த்து மேல் அடுக்கு போன பிறகு ஒவ்வொன்றாக வெளியே தலைகாட்டுவதற்கு.

சூட்சுமம் தூவும் நேரத்தில் இருக்கிறது. மணி பாதிக்குச் சற்று மேல் புதைந்து, மீதி வெளியே தெரிய வேண்டும். கலவை ரொம்பச் சூடாக இருந்தால் மணி முழுகிவிடும், மின்னாது. ஆறிப்போன பிறகு தூவினால் ஒட்டாது, ஒரு வாரத்தில் டயரோடு போய்விடும். பகலில் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான். உங்கள் தெருவில் புதுக்கோடு இருந்தால், வண்டி வராத நேரமாகப் பார்த்து, செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பத்தடி தள்ளி நின்று அடித்துப் பாருங்கள். மணி சரியாக உட்கார்ந்த கோடு பளீரென்று திருப்பி அடிக்கும். நெடுஞ்சாலையில் இறங்கி இந்தச் சோதனை வேண்டாம்.

"கோடு எவ்ளோ தூரம் தெரிஞ்சா போதும்? அதுக்குக் கணக்கு இருக்கா?"

இருக்கிறது. ஸ்டீயரிங்கைச் சீராகப் பிடிக்க, குறைந்தபட்சம் அடுத்த 1.8 விநாடியில் போய்ச் சேரப்போகும் இடம் வரைக்கும் கோடு தெரிய வேண்டும் என்று ஐரோப்பிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 28 மீட்டர் போகிறீர்கள். அப்படியானால் 50 மீட்டர். அதுவும் அடிமட்டக் கணக்கு. கோடு 30 மீட்டர்தான் தெரிகிறதென்றால் உங்கள் வேகம் 60-ஐத் தாண்டக் கூடாது.

"மழை பேஞ்சா அதே கோடு காணாமப் போயிடுதே. பெயிண்ட் மட்டமா?"

பெரும்பாலும் பெயிண்ட் காரணம் இல்லை, தண்ணீர்தான். மணி மேல் மெல்லிய தண்ணீர்ப் படலம் மூடியதும் வெளிச்சம் மணிக்குள் போய்த் திரும்பாமல், கண்ணாடியில் பட்டது போல முன்பக்கமாகவே சறுக்கிப் போய்விடுகிறது. எதிரே வருபவரின் கண்ணில் போய் அடிப்பதும் அதுதான். கோடு மங்குவதும் எதிர்வெளிச்சம் கூசுவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. மழை ராத்திரி ஓட்டுவது இவ்வளவு கஷ்டமாக இருப்பது அதனால்தான்.

இதற்கு மாற்று உண்டு. கோட்டைத் தட்டையாகப் போடாமல் மேடு பள்ளமாக வரிவரியாகப் போட்டால் தண்ணீர் வடிந்து மேட்டு மணிகள் வெளியே நிற்கும். டயர் ஏறினால் சத்தமும் வரும், தூக்கம் கலையும். பெரிய மணி போடுவதும் உதவும். நம் ஊரில் அதிகம் நம்பியிருப்பது அடுத்த கேள்வியில் வரும் ஸ்டட்களை.

"ரோட்ல சிவப்பு, மஞ்சள், வெள்ளைன்னு மின்னுற குட்டிக் கட்டைங்க எதுக்கு?"

அவை பூனைக்கண் என்று சொல்லும் ஸ்டட்கள். 1930-களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பெர்சி ஷா என்பவர் உருவாக்கியது. தரைக்கு மேல் எழும்பி நிற்பதால் மழைத் தண்ணீரில் முழுகாது. நான்குவழிச் சாலையில் லேன்களுக்கு நடுவே வெள்ளை, இடப்பக்க ஓரத்தில் சிவப்பு, மீடியன் பக்கம் மஞ்சள் என்று வைப்பது வழக்கம். மழையில் கோடு போய்விட்டால் நிறத்தை வைத்தே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். உங்கள் இடப்பக்கம் மஞ்சள் தெரிந்தால் நீங்கள் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறீர்கள்.

"ஊர் வர்றதுக்கு முன்னாடி குறுக்க பட்டை பட்டையாப் போட்டு வண்டி கடகடங்குது. முதுகு போகுது. இது எதுக்கு?"

அது குறுக்குப்பட்டை. அதிர்வுக்காகவும் போடுவார்கள், கண்ணை ஏமாற்றுவதற்காகவும் போடுவார்கள். இரண்டாவது சுவாரஸ்யமானது. பட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரே வேகத்தில் போகிறவருக்கும் வேகம் ஏறுவது போலத் தோன்றும். கால் தானாக பிரேக்குக்குப் போகும். பிரிட்டனில் 1970-களில் நீண்ட சாலைகள் ரவுண்டானாவில் முடியும் இடங்களில் மஞ்சள் பட்டைகளை இப்படிப் போட்டு விபத்தைக் குறைத்தார்கள்.

வருகிற ஆபத்து நிஜமாக இருந்தால்தான் இது எடுபடும். தொப்பூர் மாதிரி நீள இறக்கத்தில், வளைவுக்கு முன்னால் போட்டால் லாரி டிரைவருக்கு அர்த்தம் புரியும். ஒன்றுமில்லாத நேர்ச்சாலையில், எப்போதோ யாரோ கேட்டார்கள் என்று போட்ட பட்டையை ஒரு மாதத்தில் எல்லோரும் பழகிவிடுவார்கள். சிலர் பட்டையைத் தவிர்க்க மண் ஓரத்தில் இறக்கி ஓட்டுவார்கள், அங்கே நடந்து போகிறவர் இருப்பார். முதுகு விஷயம்: 80-ல் ஏறினால் போகும்தான்.

"பைக்ல போறப்ப மழையில கோட்டு மேல ஏறினா வழுக்குது. இது யாருக்குமே தெரியாதா?"

தெரியும். சாலை ஆட்கள் அதற்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஊசல் மாதிரி ஆடும் கருவியின் ரப்பர் முனையை ஈரக்கோட்டின் மேல் உரச விட்டு வழுக்கலை அளப்பார்கள். போட்ட புதிதில் சோதிப்பது ஒன்று, வருஷக்கணக்கில் டயர் மெருகேற்றிய பிறகு இருக்கும் நிலை இன்னொன்று. பழைய கோட்டின் மேலேயே மறுபடி மறுபடி போட்டுத் தடிமன் ஏறிய இடங்களில் ஓரமே சின்னப் படி மாதிரி நின்று தண்ணீரைத் தேக்கும்.

2022-ல் சாலையில் இறந்தவர்களில் 44 சதவிகிதத்துக்கு மேல் இருசக்கர வண்டிக்காரர்கள். இந்தப் புகாரை யாரும் சிரித்து ஒதுக்க முடியாது. ஈரத்தில் கோட்டின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், வளைவில் அதன் மேல் வண்டியைச் சாய்க்காதீர்கள். நேராகக் கடந்துவிட்டால் பிரச்சினை இல்லை. பெரிய அம்புக்குறிகளும் ஜீப்ரா பட்டைகளும்தான் அதிக ஆபத்து, பரப்பு பெரிது.

"எங்க ஊர் பஸ் ஸ்டாப் ஹைவே மேல இருக்கு. ஒரு ஜீப்ரா போட்டுக் கொடுக்கச் சொல்லுங்க, போதும்."

போதாது. சில இடங்களில் இல்லாமலிருப்பதை விட மோசம். அமெரிக்காவில் பல நகரங்களின் கடவைகளை ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வில் தெரியவந்தது இது: பல லேன்களும் நெரிசலும் உள்ள சாலையில் வேறெதுவும் செய்யாமல் பட்டை மட்டும் போட்ட இடங்களில், பட்டையே இல்லாத இடங்களை விடப் பாதசாரி விபத்து விகிதம் அதிகம். பாட்டி பட்டையை நம்பி இறங்குகிறார். முதல் லேனில் பஸ் நிற்கிறது. அதன் மறைவில் இரண்டாவது லேனில் வரும் காருக்குப் பாட்டியும் தெரியவில்லை, பட்டையும் தெரியவில்லை.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையில் கார்கள் 100-ல் போகும் சாலையில் பெயிண்ட் யாரையும் நிறுத்தாது. கேட்பதானால் சுரங்கப்பாதை கேளுங்கள், அல்லது சிக்னலும் வெளிச்சமும் வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் சேர்த்துக் கேளுங்கள். ஜீப்ரா மட்டும் கொடுத்து அனுப்பினால், கொடுத்தவருக்குத்தான் நிம்மதி.

"கோடு பளிச்சுனு இருந்தா ஆளுங்க வேகமாப் போவாங்கன்னு படிச்சேன். அப்ப கோடு இல்லாம இருந்தாத்தான் நல்லதா?"

பாதி உண்மை. சாலை தெளிவாகத் தெரிந்தால் துணிச்சல் வரும். பின்லாந்தில் 80 கி.மீ. வரம்புள்ள, வளைவு நெளிவான சாதாரணச் சாலைகளில் மின்னும் ஓரக்கம்பங்களை நட்டார்கள். இருட்டில் வேகம் கூடி, விபத்தும் கூடியது என்று 1993-ல் வந்த ஆய்வு சொன்னது. லண்டனில் சில சாலைகளில் நடுக்கோட்டை எடுத்துவிட்டுப் பார்த்ததில் வண்டிகள் வேகம் குறைந்தன. நெதர்லாந்தில் 60 கி.மீ. வரம்புள்ள கிராமச் சாலைகளில் வேண்டுமென்றே நடுக்கோடு போடுவதில்லை. இரு பக்கமும் விட்டு விட்டு ஓரக்கோடு மட்டும். நடுவில் கோடு இல்லாததால் எதிரில் வண்டி வந்தால் இருவரும் நிதானிக்கிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, சாலை எந்த வேகத்தைத் தாங்குமோ அந்த வேகத்தைத்தான் கோடும் சொல்ல வேண்டும் என்பது. ஐந்தரை மீட்டர் அகலக் கிராமச் சாலைக்கு நடுக்கோடு போட்டு நெடுஞ்சாலை வேஷம் கட்டினால், டிரைவரும் நெடுஞ்சாலை வேகத்தில்தான் போவார். மேலே பஞ்சாயத்துத் தலைவரின் மச்சானுக்குச் சொன்னதற்கும் இதுதான் அடிப்படை. ஆனால் இதைக் காரணம் காட்டி நான்குவழிச் சாலையில் கோடு போடாமல் விட்டால் அதை ஏற்க முடியாது. லண்டன் சோதனை நகரத்து வேகத்தில் நடந்தது.

"ரோடு வேலை நடக்குற இடத்துல பழைய கோடு ஒரு பக்கம், புதுக் கோடு ஒரு பக்கம். எதை நம்புறது?"

எதையும் நம்பாமல் 40-க்கு வாருங்கள். இந்தக் குழப்பம் கோடே இல்லாததை விட ஆபத்து. பழைய கோட்டைக் கறுப்புப் பெயிண்டால் மறைப்பது நம் ஊர் வழக்கம். பகலில் மறைந்த மாதிரி இருக்கும். மாலை வெயில் சாய்வாக விழும்போதும் மழை ஈரத்திலும் கறுப்புக்கோடு வெள்ளைக்கோட்டை விடப் பளபளக்கும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கோட்டை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் கூம்புகளையும் தடுப்புகளையும் வரிசை பிடித்துப் போங்கள்.

"கோடு அழிஞ்சு மாசக்கணக்காச்சு. யாரைக் கேக்குறது?"

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் போன் செய்து கிலோமீட்டர் கல் எண்ணைச் சொல்லுங்கள். "கிருஷ்ணகிரி தாண்டி" என்றால் வேலைக்கு ஆகாது. மாநிலச் சாலை என்றால் கர்நாடகத்தில் பொதுப்பணித் துறை, தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைத் துறை. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் ஆளும் மாறும், ஆனால் தேசிய நெடுஞ்சாலைக்கு எண் அதேதான்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ விதித்த தரத்தைப் பின்பற்றாததால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஓர் உயிருக்கு அந்தத் தொகை ஒன்றுமே இல்லை. ஆனாலும் புகாரில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள், படிக்கிற விதம் மாறும்.

"என் புது கார்ல ஏடாஸ் இருக்கு. லேனை அதுவே பாத்துக்கும்ல?"

ஏடாஸ் என்பது ஓட்டுகிறவருக்கு உதவ காரில் வைத்திருக்கும் தானியங்கி ஏற்பாடு. அதன் கேமராவும் உங்களைப் போல அதே கோட்டைத்தான் பார்க்கிறது. கோடு அழிந்த இடத்தில் அது சும்மா இருந்துவிடும். தார் ஒட்டுப்போட்ட நீளக் கறுப்பு வரியைக் கோடு என்று நினைத்தும் இழுக்கும். மறைத்த கோடு பற்றி மேலே சொன்னேன், அங்கே இன்னும் கவனம் வேண்டும். மாட்டையோ பள்ளத்தையோ தவிர்க்க நீங்கள் ஒதுங்கும்போது ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் இழுக்கிறதே என்று கேட்கிறார்கள். பெரும்பாலான கார்களில் இன்டிகேட்டர் போட்டால் இழுக்காது. இன்டிகேட்டர் போடாமல் லேன் மாறும் நம் பழக்கத்தை அது குற்றமாக எடுத்துக்கொள்கிறது.

"ஊத்தங்கரை ரோடு. முன்னாடி கரும்பு டிராக்டர் 25-ல போகுது, முழுக்கோடு, எதிர்ல ஒண்ணுமே இல்ல. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். இப்பவும் தாண்டக் கூடாதா?"

கூடாது. "எதிரில் ஒன்றுமே இல்லை" என்பது உங்கள் கண் சொல்வது. 80 கி.மீ. வேகத்தில் பத்திரமாக ஓவர்டேக் செய்ய 470 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் கணக்கு, 100 கி.மீ.க்கு 640 மீட்டர். முழுக்கோடு போட்ட இடம் என்றால் அவ்வளவு தூரம் தெரியாத இடம். முன்னால் சாலை ஓடுவது போலத் தெரியும். நடுவில் ஒரு தாழ்வு இருந்து, அதற்குள் ஒரு கார் முழுசாக மறைந்திருக்கும். காரில் உட்காரும் உங்கள் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் அந்தத் தாழ்வு தெரியவே தெரியாது.

டிராக்டர்தான் மெதுவாகப் போகிறதே, சட்டென்று தாண்டிவிடலாமே என்பார்கள். தாண்டும் தூரம் குறையும், சரி. ஆனால் 25-ல் போகும் உங்கள் காரும் வேகம் எடுக்க விநாடிகள் வேண்டும், எதிரே வருபவர் 90-ல் வந்தால் அந்த ஒவ்வொரு விநாடிக்கும் 25 மீட்டர் நெருங்கிவிடுவார். சாலை விதியை மீறினால் குறைந்தது 500 ரூபாய் அபராதம், ஆபத்தாக ஓட்டியதாக வழக்கானால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறையோ 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதமோ வரும். பஸ்காரர் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். இடப்பக்க இன்டிகேட்டர் போட்டு, அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி அவரை முன்னால் விட்டுவிடுங்கள்; டிராக்டர் எப்படியும் அடுத்த ஆலைக் கிளைச்சாலையில் திரும்பிவிடும்.